என் பேச்சை யார் கணக்கில் எழுதுவது

1

மகள் செல்வியும் மாப்பிள்ளையும் காலையில் காரை எடுத்துக்கொண்டு போன பிறகு இந்த நியூஜெர்சி வீட்டில் சத்தம் போடுவது ஃபிரிட்ஜ் ஒன்றுதான். பேத்தி அதற்கு முன்பே பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறியிருப்பாள். நேற்று அந்த நேரத்தில் போன் அடித்தது. ஊரிலிருந்து மேரி. அங்கே விளக்கு வைக்கும் நேரம்.

எங்கள் ஊர் சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு போகிற ரோட்டில் இருக்கிறது. மேரி அந்த ஊர் பஞ்சாயத்துத் தலைவி. ஜெயித்து ஒரு வருஷம் ஆகிறது. ஓடாமல் கிடக்கும் எங்கள் ரைஸ் மில்லின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு வாடகைக்கு இருப்பவளும் அவள்தான். மில்லுச் சாவி, வீட்டுச் சாவி எல்லாம் அவளிடம்தான் இருக்கிறது.

“அக்கா, நம்ம மில்லு சுவத்துல எவனோ எழுதிட்டுப் போயிட்டான்.”

“என்ன எழுதியிருக்குது?”

“அத எதுக்குக் கேக்கறீங்க. வெள்ளை அடிச்சிடட்டுமா? சுவத்துக்காரங்க நீங்க. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். ஆளு தயாரா நிக்கிறான்.”

“படிச்சுக் காட்டு.”

பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி படித்தாள். “ஜெயிச்ச தலைவியே, குடிக்கத் தண்ணி எங்கே?”

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

“நாளைக்கு வரைக்கும் ஊரே படிக்கும் அக்கா!”

“கரண்டு இல்லாத ஊர்ல ராத்திரியில எவன்டி படிக்கப் போறான்? வை.”

வைத்துவிட்டாள். கோபமாகத்தான் வைத்தாள். இன்னும் அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். நான் படித்தது நாலாவது வரைதான். மெதுவாகத்தான் எழுத வரும். அவசரக்காரர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளலாம்.

2

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறுமுனைக்குக் கேட்காது, அவ்வளவு நீளம். பஸ்ஸில் போகிற எவரும் அதைப் படிக்காமல் போக முடியாது. அதனால் தேர்தல் வருவதற்கு ஒரு வருஷம் முன்பே கட்சிக்காரர்கள் வந்து மூலையில் கட்சிப் பெயரையும் வருஷத்தையும் எழுதி இடம் பிடித்துவிடுவார்கள். பஸ் சீட்டில் துண்டு போடுகிற மாதிரி. என் வீட்டுக்காரர் இருந்தவரை ஒருவரையும் பகைத்துக்கொள்ளாமல் ஆளுக்கொரு பக்கம் கொடுத்தார். சுவர் ஒரே நேரத்தில் நான்கு பேரைப் புகழும், நான்கு பேரையும் திட்டும்.

2004ல் அவர் போய்விட்டார். அடுத்த பொங்கலுக்குச் சுவர் முழுக்க வெள்ளை அடித்தேன். அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்கும் கொடுக்கவில்லை. கேட்டு வந்தார்கள். வேட்டி புடவை கொண்டுவந்தார்கள். “என் சுவரு பேசாம இருக்குது, இருக்கட்டும்” என்று அனுப்பிவிட்டேன். வெள்ளைச் சுவரோடு அந்த மில் நிற்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்?

3

2011ல் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். மணல் காண்ட்ராக்டர் ஒருவர் இருக்கிறார், ஊரில் லாரிக்காரர் என்போம். அவர் தன் மனைவியை நிறுத்தினார். அந்த அம்மாவை நோட்டீஸில் போட்டோவாகப் பார்த்ததோடு சரி. ஓட்டுக் கேட்டு வந்ததெல்லாம் லாரிக்காரர்தான். அவரை எதிர்த்து, காலனித் தெருவிலிருந்து மேரி நின்றாள்.

எங்கள் ஊரில் அப்போது ஒரே ஒரு பேச்சுதான். வெள்ளாற்றில் மணலை அள்ளி அள்ளி ஆறு பள்ளமாகிவிட்டது. கிணறுகள் கீழே போய்விட்டன. எங்கள் மில்லுக் கிணற்றில் வாளி தரை தட்டியது. எல்லோரும் வீட்டுக்குள் பேசினார்கள். லாரி போகும்போது மட்டும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலையில் சுண்ணாம்பைக் கரைத்து, துணிக்குப் போடுகிற நீலத்தைக் கலந்து, தென்னை மட்டையை நசுக்கிப் பிரஷ் ஆக்கி, என் சுவரில் நானே எழுதினேன்: ‘ஆத்து மணல் எங்கே? கெணத்துத் தண்ணி எங்கே?’ அவ்வளவுதான். யார் பெயரும் இல்லை, சின்னமும் இல்லை. எழுத்து ஏறி இறங்கித்தான் இருந்தது. மேரி கடை திறக்க வந்தவள் பார்த்துவிட்டு, “அக்கா, ணகரத்துக்குச் சுழி போதுமா?” என்றாள். “உனக்குப் புரிஞ்சிதா? புரிஞ்சிதுன்னா போதும்” என்றேன். அவளைக் கேட்டு நான் எழுதவில்லை. அவள் சொல்லியும் எழுதவில்லை.

அந்த வாரத்துக்குள் எங்கள் தெருவில் இன்னும் சில பெண்கள் அவரவர் வீட்டுச் சுவரில் அதையே எழுதிவிட்டார்கள்.

பிறகு ஜீப் வந்தது. தேர்தல் அதிகாரி ஒருவர், வீடியோ எடுக்கிறவர் ஒருவர். அதிகாரி சின்ன வயசு. மரியாதையான பையன். டேப்பைப் பிடித்து எழுத்துகளை நீளமும் உயரமும் அளந்தார்.

“தம்பி, என்ன அளக்கறீங்க?”

“சுவர் விளம்பரம்மா. சதுர அடிக்கு இவ்வளவுன்னு வேட்பாளர் செலவுல சேக்கணும். ஒரு வேட்பாளர் இவ்வளவுதான் செலவு பண்ணலாம்னு வரம்பு இருக்குது இல்லையா.”

“நான் வேட்பாளர் இல்லியே.”

“தெரியும்மா. இது யாரு கணக்குல வரும்?”

“என் கணக்குல.”

“உங்களுக்குக் கணக்கு இல்லம்மா.”

வெயிலில் அவருக்கு வியர்த்து ஊற்றியது. மோர் கொடுத்தேன். குடிக்க மாட்டேன் என்றார். தேர்தல் முடிகிறவரை யார் வீட்டிலும் கை நனைக்கக் கூடாதாம். பிறகு பொறுமையாக விளக்கினார். மேரி மைக்கில் பேசுவதும் ஆற்று மணல்தான், சுவரில் இருப்பதும் ஆற்று மணல்தான். மேரி இருப்பது என் இடத்தில். அதனால் என் சுவரும், தெருவில் உள்ள மற்றச் சுவர்களும் மேரியின் செலவு என்று லாரிக்காரர் பக்கத்திலிருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மேரி நோட்டீஸ் அடித்தது, ஆட்டோ பிடித்தது, மைக் எடுத்தது என்று ஒன்று விடாமல் கணக்குக் காட்டியிருந்தாள். இந்தச் சுவர்களையும் சேர்த்தால் வரம்பைத் தாண்டிவிடும். தாண்டினால் ஜெயித்தாலும் பதவி நிற்காது.

“அப்ப அந்தக் காதுகுத்து?” என்றேன். அந்த வாரம்தான் லாரிக்காரர் தன் பேரனுக்குச் சிதம்பரத்தில் மண்டபம் பிடித்துக் காது குத்தினார். ஊர் முழுக்கப் பத்திரிகை. வேன் வேனாக ஆள் ஏற்றி, பிரியாணி போட்டு, தாம்பூலப் பையில் எவர்சில்வர் கிண்ணம் வைத்துக் கொடுத்தார்.

“அது குடும்ப விசேஷம்மா. அதுல சின்னம் எதுவும் இல்லை. நான் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்.”

“என் சுவத்துலயும் சின்னம் இல்லியே தம்பி.”

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பணக்காரனைக் கட்டுப்படுத்தப் போட்ட கயிறு அது. கையில் கிடைத்த மாட்டின் கழுத்தில் விழுந்தது.

4

மறுநாள் லாரிக்காரர் வந்தார். எனக்குத் தூரத்து உறவு, அத்தை என்றுதான் கூப்பிடுவார். நாற்காலியில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் போட்டோவைக் கும்பிட்டார்.

“அத்தே, நான் உங்களப் பேசக்கூடாதுன்னு சொன்னனா? தாராளமாப் பேசுங்க. சுவத்த எதுக்குப் பேச வைக்கிறீங்க?”

“என் வாய் உன் லாரிக்குக் கேக்கலியேப்பா. சுவத்துக்குத்தான் சத்தம் ஜாஸ்தி.”

சிரித்தார். “அமெரிக்காவுக்குப் போகப் போறவங்க. இங்க கேஸு கீஸுன்னு வந்தா அங்க விசா குடுப்பானா? செல்வி வேற பாவம், உங்களக் கூட்டிக்கணும்னு எவ்வளவு நாளா அலையுது. ஒரு வாளி சுண்ணாம்பு. நானே ஆளு அனுப்பறேன். அடிச்சிட்டுப் போயிடுவான்.”

“சுண்ணாம்பு எங்கிட்டயே இருக்குது.”

“கோவிச்சுக்காதீங்க அத்தே. கிண்ணம் கூட உங்களுக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கேன்.”

அந்தக் கிண்ணத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். வாசல் தாண்டுவதற்குள் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

5

மாப்பிள்ளையின் அண்ணன் கடலூர் செம்மண்டலத்தில் இருக்கிறார். வக்கீல். நானும் மேரியும் பஸ் பிடித்துப் போய் அவரைப் பார்த்தோம். கேட்டுவிட்டு, ஒரு வழி இருக்கிறது, ஆனால் நல்ல வழி இல்லை என்றார். வேட்பாளர் எழுத்தில் அனுமதி தராமல் அவருக்காக வேறொருவர் செலவு செய்தால், செய்தவர் மேல்தான் குற்றம். ஆகவே மேரி புகார் எழுத வேண்டும்: இந்த அம்மாள் என்னைக் கேட்காமல் எழுதினார், நான் அனுமதிக்கவில்லை, நடவடிக்கை எடுங்கள் என்று. அப்படிச் செய்தால் மேரியின் கணக்கில் சேராது. கேஸ் என் மேல் வரும்.

“இல்லன்னா அழிச்சிடலாமே?” என்றாள் மேரி.

“வீடியோல ஏறிடுச்சும்மா. அழிச்சாலும் அளந்தது அளந்ததுதான்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் மேரி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். குறிஞ்சிப்பாடி தாண்டியதும் சொன்னாள்: “அக்கா, நான் வாபஸ் வாங்கிக்கிறேன். உங்க மேல புகார் எழுதி எனக்கு ஒண்ணும் தலைவி ஆகவேணாம்.”

“தேதி முடிஞ்சிபோச்சுடி.”

“அப்ப தோத்துப் போறேன்.”

“வாயை மூடு. நான் எழுதினது என் பேச்சு. அதுக்கு வர்றது எனக்கு வரட்டும். அத உன் கணக்குல எழுத நீ யாரு, அவன் யாரு? என் பேச்சு என் பேர்லயே இருக்கட்டும். எழுதிக் குடு.”

மில்லு முன்னறையில், தையல் மெஷின் பலகை மேல் பேப்பர் வைத்து அவள் எழுதினாள். அழுதுகொண்டே எழுதினாள். என் பெயரை எழுதும் இடத்தில் பேனா நின்றது. “எழுது” என்றேன். எழுதினாள்.

எங்கள் வீட்டில் போலீஸ் படி ஏறியதில்லை. அந்த மாதம் ஏறியது. சிதம்பரம் கோர்ட்டில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் நின்றேன். செல்வி போனில், “ஏம்மா பட்டு?” என்று கேட்டாள். திருடிவிட்டா போகிறேன்? “எழுதினது நீங்கதானா?” என்று நீதிபதி கேட்டார். “ஆமாங்கய்யா, நான்தான். யாரும் சொல்லி எழுதலை. குத்தமா இல்லையான்னு நீங்க சொல்லுங்க” என்றேன். சட்டப்படி குற்றம் என்றார். அபராதம் போட்டார். கட்டினேன்.

மேரி ஜெயித்தாள். கொஞ்ச ஓட்டில்தான் ஜெயித்தாள். ஜெயித்த அன்றைக்கு மாலையோடு என் வீட்டுக்கு வந்தாள். என் முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு இரண்டு மாதம் ஆனது.

6

லாரிக்காரர் சொன்னது வெறும் மிரட்டல் இல்லை. விசாவுக்கு எழுதிக் கொடுக்கும்போது, எப்போதாவது குற்றம் என்று தீர்ப்பானதுண்டா என்று கேட்டிருந்தது. மாப்பிள்ளை போனில் தயங்கித் தயங்கி, “அத்தை, சின்ன அபராதம்தானே, இல்லைன்னு போட்டுடலாமா?” என்றார். உண்டு என்று போடச் சொன்னேன். அதனால் பேப்பர் மேல் பேப்பர் கேட்டார்கள். தீர்ப்பு நகல், அதற்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, அதற்கு ஒரு சீல். விசா ஆபீஸில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்கார அம்மா, தமிழ் தெரிந்த ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு கேட்டது: “உங்கள் சொந்தச் சுவரிலா எழுதினீர்கள்?” ஆமாம் என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் நாட்டில் இது குற்றமே இல்லை என்று அந்த அம்மா சொன்னதாக அந்தப் பெண் சொன்னாள். சந்தோஷமாகத்தான் விமானம் ஏறினேன்.

வந்து பார்த்தால் இங்கேயும் தேர்தல். அடுத்த மாதம் ஜனாதிபதிக்கு ஓட்டு. டிவி போட்டால் சமையல் நிகழ்ச்சிக்கு நடுவில் ஒருவர் முகத்தைக் கறுப்பாக்கிக் காட்டி, பயங்கரமான மியூசிக் போட்டுத் திட்டுகிறார்கள். மறு நிமிடம் இன்னொருவரைத் திட்டுகிறார்கள். கடைசியில் ஒரு குரல், மூச்சு விடாமல், இதற்குப் பணம் கொடுத்தது இன்னார் என்று சொல்லி ஓடிவிடுகிறது. ‘நல்ல நாளைக்கான மக்கள்’ என்கிற மாதிரி ஒரு பெயர்.

“யாரு மாப்பிள்ளை அது?”

“யாருன்னு தெரியாது அத்தை. வேட்பாளர்கிட்ட பேசி வெச்சிக்காம, தனியா செஞ்சா எவ்வளவு வேணும்னாலும் செலவு பண்ணலாம். காசு செலவு பண்றதும் பேச்சுதான்னு கோர்ட்டு சொல்லிடுச்சு.”

“எவ்வளவு வேணும்னாலுமா?”

“எவ்வளவு வேணும்னாலும்.”

பேத்தி சோபாவிலிருந்து ஏதோ இங்கிலீஷில் சொன்னாள். செல்வி சிரித்துவிட்டு எனக்குச் சொன்னாள்: “அம்மா, நீ இந்த ஊர்ல இருந்திருந்தா ஹீரோங்கறா.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மேரியோடு பேசி வைத்துக்கொள்ளவில்லை. லாரிக்காரரும் காதுகுத்தைத் தேர்தல் நோட்டீஸில் போடவில்லை. இந்த ஊர்ச் சட்டப்படி நாங்கள் இரண்டு பேரும் சுதந்திரமாகப் பேசியவர்கள். என் பேச்சு ஒரு வாளிச் சுண்ணாம்பு. அவர் பேச்சு ஒரு மண்டபம் நிறைய பிரியாணி. அங்கே என்னைக் கேட்டார்கள், இது யார் கணக்கு என்று. அப்போது கோபம் வந்தது. இங்கே ஒருவரையும் யாரும் கேட்பதில்லை. இதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. எது சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

செல்விக்கு இதெல்லாம் ஒன்றும் இல்லை. மேரி போன் பண்ணினாள், சுவர் விஷயம் என்றதும், “அந்த மில்லை வித்துடலாம்மா, எதுக்கு உனக்கு இந்த டென்ஷன்? இனிமே இதுதான் நம்ம ஊரு” என்றாள். அந்த மில் ஓடிய காலத்தில் அதன் சத்தம் கேட்டால்தான் தூங்கிய பெண் அவள்.

7

ராத்திரியெல்லாம் உட்கார்ந்து இதுவரை எழுதிவிட்டு, இன்று காலை நானே மேரியைக் கூப்பிட்டேன்.

“மேரி, எழுத்து எப்படி இருக்குது? சுண்ணாம்பா, பெயின்டா?”

“பெயின்டு அக்கா. சிவப்பும் மஞ்சளும். நிழல் வெச்சு, தொழில் தெரிஞ்ச ஆளு எழுதியிருக்கான். ஊர்ல எவளுக்கு இவ்வளவு காசு? லாரிக்காரன் வேலைதான். சத்தியமா சொல்றேன்.”

“எழுதினது பொய்யா?”

அவள் யாரையோ தள்ளி நிற்கச் சொல்வது கேட்டது.

“தண்ணி வருதா, வரலியா?”

“கரண்டு எங்க இருக்குது அக்கா? வர்ற ரெண்டு மணி நேரத்துல மோட்டார் போட்டா டேங்க் பாதி ரொம்பறதுக்குள்ள போயிடுது. அதுக்கு நானா பொறுப்பு? ஆத்துல மணல் அள்ளித் தண்ணியக் கீழ எறக்கினவன், இப்ப எங்கிட்ட தண்ணி எங்கேன்னு கேக்கறான். அதுவும் நீங்க எழுதின மாதிரியே. வேணும்னே செஞ்சிருக்கான். வெள்ளை அடிக்கச் சொல்லுங்க.”

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். ஆனாலும் ஒன்று உறுத்தியது. லாரிக்காரர் இல்லாமல், பேர் போட பயந்துகொண்டு எங்கள் தெருப் பெண் எவளாவது சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்து எழுத வைத்திருந்தால்? தலைவியை எதிர்த்து ஒருத்தி கேட்ட கேள்வியைத் தலைவியே வெள்ளை அடித்தாள் என்று ஆகாதா? அதற்கு என் கையெழுத்தா?

“சரி, அழி,” என்றேன். “என்னைக் கேக்காம என் சுவத்துல எழுத எவனுக்கும் உரிமை கெடையாது. பேரில்லாத பேச்சு அங்க வேணாம்.”

“அப்பாடா. டேய், வாளிய எடுடா...”

“இரு. அழிச்சு, காஞ்சதும், அதே எடத்துல அதே கேள்விய எழுது. ‘குடிக்கத் தண்ணி எங்கே?’ன்னு. கீழ என் பேரப் போடு. கேக்கறது நான்.”

“அக்கா!”

“சுண்ணாம்புல, உன் கையால எழுது. ஆளு வெச்சு எழுதாத.”

“என்னக் கேட்டு நானே எழுதணுமா? இது எந்த ஊரு ஞாயம்? அன்னிக்கு உங்க மேல எழுத வெச்சீங்க, இன்னிக்கு என் மேலயே எழுதச் சொல்றீங்க. நேராச் சொல்லிடுங்க, மெஷினைக் காலி பண்ணிக்கிறேன்.”

“மெஷின் இருக்கட்டும். உனக்குச் சொல்ல வேண்டியது இருக்குது இல்ல? கரண்டு, மோட்டார், மணலு? அதப் பக்கத்துல எழுது. சுவரு நீளமாத்தான் இருக்குது. கேக்கறவ பேரு இருந்தாத்தான்டி நீ பதில் சொல்ல முடியும். பேரு போட பயந்தவ எவளாவது இருந்தா, அவளுக்கும் சேத்து என் பேரு ஆகட்டும்.”

“நீங்க அங்க ஏசில ஒக்காந்துக்கிட்டுப் பேசுவீங்க. இங்க தெருவுல நடக்கறது நானு.”

போன் அறுந்துவிட்டது. அவளாக வைத்தாளா, கரண்டு போய் டவர் விழுந்ததா, தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. அந்த மனுஷி எனக்காக அழுதவள். அவளை இழந்துவிடுவேனோ என்று உட்கார்ந்திருந்தேன். சோறு வடிக்கவில்லை. டிவி போட்டேன், அந்தக் கறுப்பு முகங்கள் வந்தன, அணைத்துவிட்டேன். வெளியே தெரு முழுக்க மரங்கள் சிவந்து நின்றன. ஒரு ஆள் நடக்கவில்லை.

இங்கே விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போன் அடித்தது, மேரி. அங்கே பொழுது விடிந்திருக்காது. பின்னால் சேவல் கூவுவது கேட்டது.

“வெள்ளை காஞ்சிடுச்சு,” என்றாள். “முழுப் பேரு போடவா, இனிஷியலோடயா?”

“இனிஷியலோடவே போடு,” என்றேன். “கோ. அலமேலு. அவரு கட்டின சுவரு அது.”